பிப்ரவரி 29ஆம் தேதிப் புகார்

1993 ஏப்ரல் 14, புதன்கிழமை, மாசசூசெட்ஸ் மாநிலம் மார்ல்பரோவில் இயங்கிவந்த வின்டர்மார்ஷ் கணினி நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு பக்கக் கடிதம் அனுப்பியது. 'லூம்' இயங்குதளத்தின் விற்பனையும் பராமரிப்பும் அந்த ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிவடையும் என்றும், 1994ஆம் ஆண்டுக்கான சாவி எண்கள் வழங்கப்படமாட்டா என்றும் அதில் எழுதியிருந்தது.

சவுத்பிரிட்ஜில் ஒரு லென்ஸ் தொழிற்சாலை. அதன் கணினிகளைக் கவனித்துக்கொண்டிருந்த லொரேன் திபடோ, வெள்ளிக்கிழமை காலை அந்தக் கடிதத்தை நின்ற இடத்திலேயே இரண்டு முறை படித்தாள். மூன்றாவது முறை படிக்க உட்கார்ந்தபோது, மெருகேற்றும் கூடத்திலிருந்து டெல்மர் பச்செகோ உள்ளே வந்தான். முழங்கை வரை செம்மண் நிறப் பொடி. கண்ணாடியை மெருகேற்றுகிறவர்களின் கை எப்போதும் அப்படித்தான் இருக்கும்.

"என்ன தாயே, முகம் இப்படி இருக்கு? யாராவது போயிட்டாங்களா?"

"இன்னும் போகல. டிசம்பர் முப்பத்தொண்ணு போறாங்களாம். தேதி போட்டு அனுப்பியிருக்காங்க."

கடிதத்தை நீட்டினாள். அவன் கையில் வாங்காமல், அவள் பிடித்திருந்தபடியே குனிந்து படித்தான்.

"சாவி எண்ணுன்னா வருஷா வருஷம் தபால்ல ஒரு சீட்டு வருமே, அதுவா? அது இல்லாட்டி?"

"தேதி தாண்டினா மெஷின் திறக்காது. இங்க இருக்கற ஆறும் திறக்காது."

"என் மூணாவது லென்ஸு?"

சிலி நாட்டு மலை ஒன்றில் கட்டிக்கொண்டிருந்த ஒரு தொலைநோக்கிக்கு நான்கு லென்ஸ்கள் செய்துதர வேண்டும். முதல் இரண்டும் முடிந்து பெட்டியில் இருந்தன. ஒவ்வொரு லென்ஸும் ஏழெட்டு மாத வேலை. பச்செகோ ஒரு வாரம் தேய்ப்பான், பரப்பை அளப்பார்கள், அந்த அளவுகளை லொரேன் தன் நிரலுக்குள் கொடுப்பாள், அது அடுத்து எங்கே எவ்வளவு தேய்க்க வேண்டும் என்று சொல்லும். முதல் லென்ஸில் நேர்ந்த சிறு பிசகை மூன்றாவதில் ஈடுகட்டிக்கொள்ளவும் அதற்குத் தெரியும். ஒன்பது வருடமாக அவள் எழுதிச் சேர்த்த நிரல். அது லூமில் மட்டும்தான் ஓடும். வேறு இயங்குதளத்துக்கு மாற்ற இரண்டு வருடமாவது ஆகும். நான்காவது லென்ஸை 1995 அக்டோபருக்குள் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் முதல் இரண்டும் யாருக்கும் உதவாத கண்ணாடிக் கட்டிகள்.

"இதப் பாரு" என்று கடிதத்தின் நடுவே ஒரு வரியைக் காட்டினாள். "எங்கள் மதிப்பீட்டின்படி லூம் இன்று பெரும்பாலும் பயன்பாட்டில் இல்லை."

"பயன்பாட்டுல இல்லையா? அப்ப நாம இங்க உக்காந்து சீட்டா ஆடுறோம்?"

"அதான் புரியல. எதை வெச்சு மதிப்பிட்டாங்க?"

பச்செகோ வாயில் வந்தபடியெல்லாம் வின்டர்மார்ஷைத் திட்டிவிட்டுப் போனான். லொரேனுக்கும் கோபம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வரி பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி அவளை உறுத்திக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் ஏதோ ஒரு எண்ணைப் பார்த்துத்தான் இப்படி எழுதியிருக்க முடியும். எந்த எண்?

*

லூம் பயனர் சங்கம் ஆண்டுக்கு இரண்டு முறை நியூ ஹாம்ப்ஷயரில் நாஷுவா நகரத்து மோட்டல் ஒன்றின் கூடத்தில் கூடும். மே 8, சனிக்கிழமை நூற்று முப்பது பேர் வந்திருந்தார்கள். கப்பலுக்கு உந்துவிசிறி வரைகிறவர்கள், நிலப்பட அலுவலகத்துக்காரர்கள், செயற்கை இடுப்பு மூட்டு செய்கிறவர்கள் என்று பல தொழில்காரர்கள். ஒருவர் வேலை மற்றவருக்குப் புரியாது. எல்லோருக்கும் பொதுவாக இருந்தது லூம் ஒன்றுதான்.

அதை ஏன் அவ்வளவு நேசித்தார்கள் என்று வெளியாளுக்குச் சொல்வது சிரமம். ஓர் அறையில் ஆறு கணினி இருந்தால் லூமில் அது ஒரே கணினி. எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் உங்கள் வேலை உங்கள் முன்னால் இருக்கும். ஒன்றில் சேமித்தது ஆறிலும் தெரியும். வேறு இயங்குதளங்களில் அதற்கு ஒரு நிபுணரை வேலைக்கு வைக்க வேண்டியிருந்தது. லூமில் கம்பியைச் செருகினால் போதும்.

அன்று கூடம் கொதித்துக்கொண்டிருந்தது.

"எல்லா மவுஸையும் பிடுங்கி அவங்க தலைவருக்கு பார்சல் அனுப்புவோம்யா. நூத்து முப்பது மவுஸு மேஜையில வாலோட கெடந்தா தெரியும்."

"மவுஸு நமக்கு வேணும்பா. அனுப்பிட்டுத் திங்கக்கெழம எதை வெச்சு வேலை செய்வ?"

"கையெழுத்து வாங்கலாம்."

"எண்பத்தாறுல திரை நிறத்துக்குக் கையெழுத்து வாங்கினோமே, என்னாச்சு? நன்றின்னு ஒரு காலண்டர் அனுப்பினான்."

சங்கத் தலைவர் ப்ரென்டிஸ் வாட்லி, உயரமான மனிதர், மேஜையைத் தட்டி அமைதியாக்கினார். என்ன ஆனாலும் நிகழ்ச்சி நிரலை விடமாட்டார். முதலில் நாடா அறிக்கை. யாராவது லூமில் ஒரு பிழையைக் கண்டு சரிசெய்தால் திருத்தத்தை நாடாவில் பதிந்து வாட்லிக்கு அனுப்புவார்கள். அவர் பத்துப் பேருக்கு நகலெடுத்து அனுப்ப, அந்தப் பத்துப் பேரும் ஆளுக்குப் பத்துப் பேருக்கு அனுப்ப, மூன்று வாரத்தில் நாடு முழுக்கப் போய்விடும். இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு திருத்தங்கள்.

அடுத்தது மணி.

மேஜையின் ஓரத்தில் ஒரு மாட்டுமணி இருந்தது. தோல்வாரோடு கூடிய பித்தளை மணி. முந்தைய ஆறு மாதத்தில் வின்டர்மார்ஷின் உதவி எண்ணுக்குத் தொலைபேசியில் பேசியவர் யாரோ, அவர் இரவு விருந்து முடியும்வரை அதைக் கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். 1987இல் ஒருவர் உதவி எண்ணைக் கூப்பிட்டு, நான்கு நாள் காத்திருந்து, வந்த பொறியாளர் கழன்ற கம்பியைச் செருகிவிட்டுப் போனதில் தொடங்கிய வழக்கம். மணியைக் கொண்டுவந்தவள் லொரேன். வெர்மான்ட்டில் அவள் அக்காவின் பால்பண்ணையில் சும்மா கிடந்தது. ஒரு நாள் வேடிக்கைக்கென்று கொண்டுவந்தது, சங்கத்தின் சட்டமாகவே ஆகிவிட்டது.

"இந்த முறையும் மணிக்குக் கழுத்து இல்ல" என்று வாட்லி அறிவித்தார். "தொடர்ந்து அஞ்சாவது தடவை. வின்டர்மார்ஷ்காரன் நம்மளக் கைவிட்டாலும், நாம அவன்கிட்ட ஒரு நாளும் கையேந்தல. அத மட்டும் எழுதி வெச்சுக்கோங்க."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. லொரேனும் தட்டினாள். தட்டிக்கொண்டே மணியைப் பார்த்தாள். பிறகு தட்டுவதை நிறுத்தினாள்.

பக்கத்தில் இருந்த இடுப்பு மூட்டுக்காரர் கேட்டார்: "என்னம்மா, கை வலிக்குதா?"

"இல்ல. ஒரு சந்தேகம். நாம இதை ஓட்டுறோம்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வருஷா வருஷம் ஒப்பந்தம் புதுப்பிக்கிறோமே."

"அது சரி. அதைத் தவிர?"

அவர் யோசித்தார். கைதட்டல் ஓய்ந்த பிறகும் யோசித்துக்கொண்டிருந்தார். "தவிர ஒண்ணுமில்ல" என்றார்.

*

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு லொரேன் கையேட்டின் பின்னட்டையைத் திருப்பி உதவி எண்ணைத் தேடி எடுத்தாள். சுழற்றுவதற்கு முன் கதவைச் சாத்தினாள். சாத்தியதை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது. பதினான்கு முறை மணி அடித்தது.

"சொல்லுங்க" என்றது ஓர் ஆண்குரல். மூச்சு வாங்கியது.

"லூம் உதவி எண்ணா?"

"யாருங்க வேணும்?"

"லூம். லூம் உதவி."

"ஏங்க, நீங்க தப்பான நம்பருக்குப் போடலையே?"

"நீங்க லூம் உதவி இல்லையா?"

"நான்தான், நான்தான். வெச்சிடாதீங்க. போன் ஜன்னல் மேல இருந்துச்சு, செடிக்குப் பின்னாடி. சத்தம் எங்கேருந்து வருதுன்னே தெரியல. என் பேரு ஆர்விட் லின்ட்க்விஸ்ட். ஒரு நிமிஷம், பேனா எடுத்துக்கறேன். ஆங். மெஷின்ல என்ன கோளாறு?"

"ஒரு கோளாறும் இல்ல."

"இல்லையா?" குரலில் ஏமாற்றம் நன்றாகவே தெரிந்தது.

கடிதத்தின் அந்த வரியை அவள் படித்துக் காட்டினாள். இதை எழுதியது யார், எதைப் பார்த்து எழுதினார்கள் என்று கேட்டாள். மறுமுனையில் நாற்காலி கிரீச்சிட்டது.

"எழுதினது மேல இருக்கறவங்க" என்றார் ஆர்விட். "எதைப் பார்த்துன்னா, என்னைப் பார்த்துதாங்க. மாசக் கடைசியில நான் ஒரு தாள் குடுக்கணும். எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிஞ்சது. லூமுக்கு நேரா முப்பத்தொரு மாசமா சைபர் போடறேன். முதல் வருஷம் நானும் நாலு பேரும் இருந்தோம். வேலையே இல்லைன்னு அவங்களை வேற பக்கம் மாத்திட்டாங்க. என்னையும் பாதி மாத்திட்டாங்க. ஏன் யாரும் கூப்பிடலன்னு நானே எத்தனையோ நாள் யோசிச்சிருக்கேன். போன் வேலை செய்யுதான்னு வீட்டுலேருந்து போட்டுப் பாத்திருக்கேன்."

"ஒப்பந்தம் புதுப்பிக்கிறோமே. ஆயிரக்கணக்கான மெஷின்."

"அது வேற இலாகா. மேல கேட்டாங்களாம், இவங்க ஏன் இன்னும் புதுப்பிக்கிறாங்கன்னு. நிறுத்த மறந்துட்டாங்கன்னு முடிவு பண்ணிட்டாங்க. சில வீட்டுல படிக்காத பத்திரிகைய நிறுத்தாம வாங்கறாங்க இல்ல, அந்த மாதிரி." கொஞ்சம் தயங்கினார். "அப்ப நெசமாவே ஓட்டறீங்களா?"

"நெசமாவே ஓட்டறோம்."

"எதுக்கு?"

லொரேன் தொலைநோக்கியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் இடையிடையே கேள்வி கேட்டார். வெறும் மரியாதைக்காகக் கேட்கவில்லை. நாற்பது நிமிடம் போனதே தெரியவில்லை. கடைசியில் மணியைப் பற்றியும் சொன்னாள், அதைக் கொண்டுவந்தது தான்தான் என்பது உட்பட. வெகுநேரம் மறுமுனையில் சத்தமே இல்லை.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேங்க. சிரிக்கறதா அழறதான்னு பாக்கறேன்" என்றார் ஆர்விட். "மாட்டுமணியா?"

*

வியாழக்கிழமை மதியம் மார்ல்பரோவில் ஒரு சிறு உணவகத்தில் சந்தித்தார்கள். ஆர்விட்டுக்கு ஐம்பது வயதிருக்கும். தட்டில் வாட்டிய மக்காச்சோள மஃபின். தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல்நிறக் கோப்புறை, செங்கல் கனம். உதவிப் பிரிவின் நடைமுறை விதிகள். இரண்டு நாளாக அதை முழுதும் படித்திருந்தார். எட்டு வருடத்தில் முதல்முறையாக.

"முடிவை மாத்த என்னால முடியாது. அத மொதல்லயே சொல்லிடறேன்" என்றார். "அதுக்கு மேல இருக்கறவங்க வேணும். அவங்க இன்னொரு கம்பெனியோட சேர்ந்து வேற சிஸ்டம் செய்ய ஒத்துக்கிட்டாச்சு. ஆனா இதப் பாருங்க, பதினோராவது விதி."

அவள் படித்தாள். ஒரு புகார் திறந்துவிட்டால், வாடிக்கையாளர் தம் இயந்திரத்தில் சோதித்துப் பார்த்துச் சரியாகிவிட்டது என்று தாமே சொன்ன பிறகுதான் அதை மூடலாம். அதுவரை சோதனைக்குத் தேவையான யாவற்றையும் நிறுவனம் வழங்க வேண்டும்.

"யாவற்றையும்" என்றாள் லொரேன்.

"மெஷினே திறக்கலேன்னா என்னத்தச் சோதிக்கறது? சாவி எண் குடுத்தே ஆகணும். புது புகார் டிசம்பர் முப்பத்தொண்ணு வரைக்கும் எடுத்துக்கலாம்னு உங்களுக்கு வந்த கடிதத்துலயே இருக்கு. அதனால" என்று பேனாவைத் திறந்தார், "ஒரு கோளாறு சொல்லுங்க."

லொரேன் காபியைக் கலக்கியபடி யோசித்தாள்.

"அச்சிடறது? நிறைய பேருக்கு அதுல தகராறு வருமே."

"வந்துச்சு. எண்பத்தொம்பதுல சரிபண்ணிட்டோம். நாடாவுல பதினேழாவது."

"நினைவகம் கசியுதுன்னு எனக்கே தெரியும். ரெண்டு வருஷமா உக்காந்து தேடறேன்."

"நாப்பத்தி நாலு. கப்பல்காரர் ஒருத்தர் கண்டுபிடிச்சார். ஒரு வரிதான் தப்பு."

ஆர்விட் பேனாவைக் கீழே வைத்தார். "எந்த வரி?"

சொன்னாள். அவர் மஃபினையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு வருஷம்" என்றார் மெதுவாக. பிறகு நிமிர்ந்தார். "ஏங்க, நீங்க இவ்வளவு ஆரோக்கியமா இருந்தா நான் என்ன மருந்து எழுதறது? எனக்கு ஒரு நோய் வேணும். உயிரோட இருக்கற நோய். பொய்யா ஒண்ணு எழுத மாட்டேன்."

"பொய் எனக்கும் வேண்டாம்."

அவள் கொண்டுவந்திருந்த திருத்தப் பட்டியலை மேஜையில் விரித்தாள். ஒன்றிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு வரை இரண்டு பேரும் விரலை வைத்து இறங்கினார்கள். எல்லாவற்றுக்கும் எதிரே 'முடிந்தது' என்று வாட்லியின் சாய்ந்த கையெழுத்து. எந்த இயங்குதளமும் இவ்வளவு நல்ல நிலையில் கைவிடப்பட்டிருக்காது. லொரேனுக்குப் பெருமையே கசந்தது. பரிசாரகி காபியை இரண்டு முறை நிரப்பிவிட்டுப் போனாள்.

"யாரும் சரிபண்ண முடியாம விட்டது எதுவும் இல்லையா?" என்றார் ஆர்விட். "சின்னதா இருந்தாலும் சரி. எரிச்சல் மாதிரி."

"விட்டதுன்னு..." என்று இழுத்தாள். "விட்டதுன்னு சொல்ல முடியாது. மறந்துட்டேன். போன வருஷம் ஒரு சனிக்கிழம ஆபீசுக்குப் போனேன். முதல் மெஷின்ல கணக்குப் போட்டுச் சேமிச்சேன். மூணாவதுல உக்காந்து பாத்தா ஃபைலே இல்ல. எல்லாத்துலயும் பாத்தேன், இல்ல. போச்சுன்னு முழுசா மறுபடி போட்டேன், மூணு மணி நேரம். மறுநாள் வந்து பாத்தா ரெண்டும் இருக்கு. சங்கத்து நியூஸ்லெட்டர்ல நாலு வரி எழுதிப் போட்டேன். யாருக்கும் அப்படி ஆகலன்னாங்க."

"என்ன தேதி?"

"பிப்ரவரி மாசம். கடைசி சனி."

ஆர்விட் பணப்பையிலிருந்து ஒரு பழைய நாட்காட்டி அட்டையை எடுத்தார். அதை அவர் ஏன் வைத்திருந்தார் என்று அவள் கேட்கவில்லை. அட்டையின் மேல் விரல் ஊர்ந்து ஓரிடத்தில் நின்றது. அவளிடம் திருப்பிக் காட்டினார்.

சனிக்கிழமை, 29.

"எந்தத் தேதியில சேமிச்சோம்னு ஒரு மெஷின் மத்த மெஷினுக்குச் சொல்லணும்" என்றார். மேஜை விரிப்புத் தாளில் கட்டங்கள் வரையத் தொடங்கியிருந்தார். "மத்த அஞ்சும் அப்படி ஒரு நாளே கிடையாதுன்னு நினைச்சிருக்கு. அதான் மறுநாள் வரைக்கும் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கு. சனிக்கிழமை, அதனால வேற யாரும் ஆபீஸ்ல இல்ல. அதுக்கு முந்தின இருபத்தொம்பது எண்பத்தெட்டுல, அப்ப இந்தப் பகுதியே எழுதலை." குரல் ஏறிக்கொண்டே போனது. "இதுக்கு நான் திருத்தம் எழுதிடுவேன், ஒரு மாசத்துல. ஆனா நீங்க அதைச் சோதிக்கணும்."

"எப்ப சோதிக்க முடியும்?"

"அடுத்த பிப்ரவரி இருபத்தொம்பது எப்பங்க?"

இருவருக்கும் தெரியும். அவர் விரிப்புத் தாளின் ஓரத்தில் 1996 என்று எழுதி வட்டமிட்டார். பரிசாரகி பில்லைக் கொண்டுவந்து வைத்தாள்.

"அந்த மெஷின் கதைய இன்னொரு தடவை சொல்லுங்க, மெதுவா" என்றார் ஆர்விட், படிவத்தை எடுத்து மேலே 'எண் 1' என்று எழுதியபடி. "நேரம் போட்டுச் சொல்லுங்க. கொட்டை எழுத்துல எழுதணும்."

*

ஆர்விட்டின் மேலதிகாரி அந்தப் படிவத்தைப் பார்த்து, முதலில் நகைச்சுவை என்று நினைத்தாராம். பிறகு சட்டப் பிரிவுக்கு அனுப்பினார். அது ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் அங்கே கிடந்தது. இதற்குள் பச்செகோ மூன்றாவது லென்ஸின் ஒரு பக்கத்தை முடித்திருந்தான். தினமும் காலையில் தலையை நீட்டி, "தாயே, நோய் எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போவான். அவன் சிரித்துக்கொண்டுதான் கேட்டான். ஆனால் ஆகஸ்ட் கடைசியில், மறுபக்கத்தை ஆரம்பிப்பதா வேண்டாமா என்று அவன் கேட்டபோது சிரிப்பு இல்லை. ஆரம்பித்துவிட்டால் பாதியில் நிறுத்த முடியாது. லொரேன் ஒரு நாள் முழுக்கப் பொறுத்துவிட்டு, ஆரம்பி என்றாள்.

செப்டம்பர் இரண்டாவது வாரம் ஆர்விட் கூப்பிட்டார்.

"சட்டப் பிரிவுலேருந்து ஒரு பையன், நல்லாப் படிச்சவன், ஒரே ஒரு கேள்வி கேட்டான். கடிகாரத்தத் தள்ளி வெச்சு இப்பவே சோதிச்சா என்னன்னு."

லொரேன் இந்தக் கேள்வி வரும் என்று மே மாதத்திலிருந்தே பயந்துகொண்டிருந்தாள். "நீங்க என்ன சொன்னீங்க?"

"தாராளமா தள்ளலாம்னேன். ஆனா தொண்ணூத்தாறுக்குத் தள்ளினா, இந்த வருஷச் சாவி தேதி முடிஞ்சுபோச்சுன்னு மெஷின் பூட்டிக்கும். அப்ப தொண்ணூத்தாறு வரைக்கும் செல்லுபடியாகற சாவி குடுக்கணும். அது கைக்கு வந்துட்டா அது வரைக்கும் ஓட்டுவாங்க. எப்படிக் குடுத்தாலும் குடுத்ததுதான்னேன்."

"அதுக்கு?"

"கொஞ்சநேரம் கூரையப் பாத்தான். ஒரு மெஷினுக்கு மட்டும் குடுக்கக்கூடாதான்னான். ஒரு மெஷின் இன்னொரு மெஷினுக்குச் சொல்றதுலதான் தப்பே, ஒண்ணை வெச்சு எப்படிப் பாக்கறதுன்னேன். அப்புறம் ஒரே வரி எழுதிக் குடுத்தான். வாசிக்கவா?"

"வாசிங்க."

"'விதிப்படி வழங்கவும்.'"

லொரேன் கதவைத் திறந்து மெருகேற்றும் கூடத்தைப் பார்த்து, "டெல்மர்" என்று கூப்பிட்டாள். அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

*

அக்டோபர் 16, சனிக்கிழமை, நாஷுவாவில் வாட்லி நிகழ்ச்சி நிரலின் இரண்டாவது இனத்துக்கு வந்து, இம்முறையும் மணிக்கு, என்று தொடங்கினார். லொரேன் எழுந்து முன்னால் போய் மணியைத் தானே எடுத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டாள். கூடம் ஆரவாரம் செய்தது. யாரோ மாடு மாதிரிக் கத்தினார்.

"எத்தனை தடவை கூப்பிட்ட?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"இருபத்தி ரெண்டு."

இன்னும் பெரிய சிரிப்பு. அவள் காத்திருந்தாள். பிறகு முப்பத்தொரு சைபர்களைப் பற்றிச் சொன்னாள். செடிக்குப் பின்னால் இருந்த தொலைபேசியைப் பற்றிச் சொன்னாள். நம்மைத் தவிர எல்லோருக்கும் லூம் செத்துப்போய் மூன்று வருடம் ஆகிறது, அதற்கு இந்த மணியும் ஒரு காரணம், மணியைக் கொண்டுவந்தது நான் என்று சொன்னாள். தலையை அசைத்தபோதெல்லாம் மணி கிணுகிணுத்தது. கொஞ்சநேரத்தில் அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

"கையேந்தலைன்னு நான் பேசினேனே" என்றார் வாட்லி கடைசியில். "எனக்குக் கைதட்டினீங்களே."

"நானும்தான் தட்டினேன்" என்றார் இடுப்பு மூட்டுக்காரர்.

"அவன் நம்மள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றார் நிலப்பட அலுவலகத்துக்காரர், கோபம் தீராமல். "ஒரு தடவை. ஒரே ஒரு தபால் அட்டை."

"கேட்டிருக்கலாம்" என்றாள் லொரேன். "கேட்கல. நாமளும் சொல்லல."

பிறகு பதினோராவது விதியைப் படித்தாள். அதே புகாரில் மற்றவர்களும் தங்கள் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஆர்விட் சொல்லியிருந்தார். ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தொலைபேசியில் கூப்பிட வேண்டும். டிசம்பர் 31க்குள்.

வாட்லி மணியைப் பார்த்தார்.

"மணி ஒண்ணுதானே இருக்கு" என்றார்.

"வரிசையில நில்லுங்க தலைவரே" என்றது பின்வரிசை.

*

1993 நவம்பர் மாத அறிக்கையில் லூமுக்கு நேரே ஆர்விட் லின்ட்க்விஸ்ட் 118 என்று எழுதினார். தட்டச்சுப் பிழையா என்று கேட்டு அது அவரிடமே திரும்பி வந்தது. அவர் அதே எண்ணை எழுத்தாலும் எழுதி அனுப்பினார். நிறுவனத்தின் முடிவு மாறவில்லை. டிசம்பர் 31ஆம் தேதி லூமின் விற்பனை நின்றது. புகாரில் பெயர் சேர்த்த 126 இடங்களுக்கு 1996 மார்ச் 31 வரை செல்லும் சாவி எண்கள் தபாலில் போய்ச் சேர்ந்தன. கூப்பிட மறந்தவர்களுக்கும், கூப்பிடமாட்டேன் என்று கடைசிவரை பிடிவாதமாக இருந்த நான்கு பேருக்கும் வரவில்லை.

நான்காவது லென்ஸ் 1995 அக்டோபர் 6ஆம் தேதி சவுத்பிரிட்ஜிலிருந்து லாரி ஏறியது.

1996 பிப்ரவரி 29, வியாழக்கிழமை. கடிகாரத்தை முன்கூட்டித் தள்ளியிருந்தால் அளவுப் பதிவேடுகளின் தேதிகள் குழம்பியிருக்கும். அதனால் லொரேன் அந்த நாளுக்காகவே காத்திருந்தாள். ஆர்விட் அனுப்பிய திருத்தம் ஆறிலும் ஏறியிருந்தது. காலை ஒன்பது பத்துக்கு முதல் கணினியில் ஒரு கோப்பைச் சேமித்தாள். எழுந்து மூன்றாவது கணினிக்குப் போனாள். பட்டியலில் கோப்பு இருந்தது. மற்ற நான்கிலும் பார்த்தாள். நான்கிலும் இருந்தது. உதவி எண்ணைச் சுழற்றினாள். ஒரே மணியில் எடுத்தார்கள்.

"சரியாயிடுச்சா?" என்றார் ஆர்விட்.

"சரியாயிடுச்சு."

"அப்ப மூடிடவா?"

"மூடிடுங்க."

மற்ற இடங்களும் அன்றே சொல்லிவிட்டன. மாலை நான்கு இருபதுக்கு எண் 1 புகார் மூடப்பட்டது. லூமுக்கு அதுவே கடைசிப் புகார். மார்ச் 31ஆம் தேதி சாவி எண்கள் காலாவதியாயின. ஏப்ரல் 1, திங்கட்கிழமை காலை லொரேன் ஆறு இயந்திரங்களையும் இயக்கிப் பார்த்தாள். ஒன்றும் திறக்கவில்லை.